ஹெச்பி கணக்கை விட்டுட்டு கிலோமீட்டர் கணக்குக்கு வாங்க: மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் முத்துப்பேட்டை பக்கம். மோட்டார் வைண்டிங், சோலார் வேலை பாக்குறவன், சின்ன மரப்படகுங்களுக்கு கரண்ட்ல ஓடுற மாதிரி மோட்டார் பேட்டரி மாட்டிக் குடுக்குற வேலையும் கொஞ்ச நாளா செய்யுறேன். இன்னைக்கு இல்லேன்னாலும் நாளைக்கு நீங்க சின்னப் படகுங்களுக்கு மின்சார மோட்டார் மானியத்துல குடுக்கத்தான் போறீங்க, படகுக்கு வெளிய பின்பக்கம் மாட்டுற அவுட்போர்டு இன்ஜினுக்கு மானியம் குடுத்து பழகின துறைதான நீங்க. அது வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தை உங்க காதுல போட்டுடணும்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். டெண்டர்ல "இத்தனை ஹெச்பி மோட்டார்"னு எழுதாதீங்க. "ஆளு, வலை, சாமானோட இருக்குற படகு ஒரு கிலோமீட்டர் போக எத்தனை வாட்-அவர் செலவாகணும்"னு எழுதுங்க. வாட்-அவர்ங்கிறது கரண்ட் செலவோட அளவு, ஆயிரம் வாட்-அவர் சேந்தா ஒரு கிலோவாட்-அவர், அதாவது ஒரு யூனிட். டெண்டர்ல இந்த ஒரு வரி மாறினா மத்தது எல்லாம் தன்னால சரியாகும், மாறலேன்னா நல்ல பேட்டரியும் வீணாப் போகும் கவர்மெண்ட் காசும் வீணாப் போகும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நான் பேசுறது ஆழ்கடல் போற போட்டைப் பத்தி இல்ல, அலை அடிக்கிற கரையிலேருந்து இறங்குற ஃபைபர் படகைப் பத்தியும் இல்ல. அதுக்கெல்லாம் வேகமும் வேணும், அலையைத் தாண்டுற உந்தலும் வேணும், அந்தக் கணக்கு வேற. நான் சொல்றது லகூனுக்குள்ளயும் (கடலை ஒட்டின காயல்) ஆத்து முகத்துவாரத்துலயும் ஓடுற பதினஞ்சு அடிலேருந்து இருபத்தஞ்சு அடி வரைக்கும் உள்ள மரப்படகு. முத்துப்பேட்டை, பிச்சாவரம், பழவேற்காடு மாதிரி இடங்கள். எங்க பக்கம் கோரையாறு, பாமணியாறு எல்லாம் வந்து விழுற அலையாத்திக் காட்டு லகூன்ல தண்ணி நிறைய இடத்துல இடுப்பளவுதான், சில இடத்துல முழங்கால்தான். மடவை, கொடுவா, இறால், நண்டுன்னு காலைல போய் மதியத்துக்குள்ள திரும்புற தொழில். அலை கிடையாது, காத்தும் நீரோட்டமும்தான் எதிரி. மின்சாரத்துக்கு இதவிட தோதான இடம் தமிழ்நாட்டுல வேற எங்கயும் இருக்குமான்னு தெரியல.

இப்ப ஹெச்பி ஏன் தப்பான அளவுன்னு சொல்றேன். ஒருத்தர்கிட்ட 10 ஹெச்பி பெட்ரோல் இன்ஜின் இருக்குன்னு வைங்க. ஹெச்பிக்கு ஹெச்பி மாத்துனா ஏழரை கிலோவாட் மோட்டார் வேணும். 48 வோல்ட்ல அது முழுசா ஓடுனா 150 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அஞ்சு கிலோவாட்-அவர் பேட்டரி முக்கால் மணி நேரம்கூட தாங்காது. நாலு மணி நேரம் ஓடணும்னா 30 கிலோவாட்-அவர் பேட்டரி வேணும், வெயிட்டு மட்டுமே 300 கிலோ பக்கம் வந்துடும், விலை படகை விட பல மடங்கு. இதைப் பாத்துட்டு "எலக்ட்ரிக் எல்லாம் நமக்கு சரிப்படாதுப்பா"ன்னு சொல்லி மூடிடுவாங்க. ஆனா உண்மை என்னன்னா அந்தப் படகுக்கு அந்தப் பத்து ஹெச்பியே தேவையில்ல. அந்த இன்ஜின் கடைல கிடைச்சதால மாட்டினது, படகு கேட்டு மாட்டினது இல்ல.

படகு என்ன கேக்குதுன்னு தெரிஞ்சுக்க பெரிய லேப் எல்லாம் வேணாம். மீன் மார்க்கெட்ல தொங்கவிட்டு நிறுக்குற கொக்கித் தராசு போதும், டிஜிட்டலா இருந்தா இன்னும் நல்லது. காத்து இல்லாத விடியக்காலைல படகுல ஆளு, வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏத்திக்கணும், முன்னாடி இன்னொரு படகு இழுக்கணும், நடுவுல நீளமான கயிறு, கயிறோட நம்ம பக்க முனைல தராசு. கயிறு நீளமா இருக்கணும், இல்லேன்னா முன்னாடி போற இன்ஜின் தள்ளுற தண்ணி நம்ம அணியத்துல (படகோட முன்முனைல) வந்து அடிச்சு தராசு பொய் சொல்லும். செல்போன்ல ஜிபிஎஸ் ஸ்பீடு. போகையில ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை பாத்து சராசரி எடுத்தா நீரோட்டத்தோட விளையாட்டு கழிஞ்சுடும். தராசு காட்டுற கிலோவை பத்தால பெருக்கி, செகண்டுக்கு எத்தனை மீட்டர் போறோமோ அதால பெருக்கினா அந்த வேகத்துக்கு படகு கேக்குற வாட் வந்துடும். அவ்வளவுதான்.

இருபது அடி மரப்படகு, ஆளு சாமானோட ஏழெட்டு நூறு கிலோன்னு வெச்சுக்குவோம், உத்தேசமா இப்படித்தான் வரும். மணிக்கு 7 கிலோமீட்டர்ல இழுவை 8 கிலோ, 9 கிலோமீட்டர்ல 15 கிலோ, 11 கிலோமீட்டர்ல 33 கிலோ. வேகம் ஏறுறது கொஞ்சம்தான், இழுவை ஏறுறதைப் பாருங்க. வாட்ல சொன்னா முறையே 155, 375, 1,010. பேட்டரிலேருந்து கிளம்புற கரண்ட்ல பாதிக்கு மேல கன்ட்ரோலர், மோட்டார், ப்ரொப்பல்லர்னு வழியில போயிடும், நூத்துக்கு நாப்பது தண்ணில உந்தலா சேந்தாலே நல்ல சிஸ்டம். அப்ப பேட்டரிலேருந்து எடுக்க வேண்டியது 390 வாட், 940 வாட், 2,500 வாட். கிலோமீட்டருக்குன்னு பாத்தா 55, 104, 230 வாட்-அவர். அஞ்சு கிலோவாட்-அவர் பேட்டரில எண்பது சதவீதம் எடுத்தா 7ல 72 கிலோமீட்டர் போகலாம், 9ல 38 கிலோமீட்டர், 11ல வெறும் 17 கிலோமீட்டர். ஒரே படகு, ஒரே மோட்டார், ஒரே பேட்டரி. எட்டு கிலோமீட்டர் தூரத்துல வலை போடுற இடம் இருந்தா 11ல போறவருக்கும் 9ல போறவருக்கும் பத்து நிமிஷம்கூட வித்தியாசம் வராது, ஆனா கரண்ட் செலவு பாதிக்கும் கீழ.

இதுக்கு காரணம் தண்ணிதான். படகு ஓடும்போது தன் நீளத்துக்கு ஏத்த ஒரு அலையை தானே உண்டாக்குது, ஒரு வேகத்துக்கு மேல அந்த அலையோட முதுகுல ஏற முடியாம படகு பின்பக்கம் தாழ்ந்து மூக்கைத் தூக்கிட்டு நிக்கும். தண்ணியைத் தொடுற நீளத்தை அடில எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34 ஆல பெருக்கினா அந்த எல்லை நாட்ல வரும், 18 அடிக்கு ஏறத்தாழ 5.7 நாட், அதாவது மணிக்கு பத்தரை கிலோமீட்டர். அதுக்கு மேல எவ்வளவு பவர் கொட்டினாலும் கனமான மரப்படகு அலையைத்தான் பெருசாக்கும். பத்து ஹெச்பி இன்ஜின் போட்டவங்க எல்லாரும் பின்னாடி பெரிய அலையை இழுத்துக்கிட்டு போறதைப் பாத்திருப்பீங்க, அந்த அலை மொத்தமும் அவங்க காசு குடுத்து வாங்கின பெட்ரோல்.

இன்னொரு விஷயம், பழைய மரப்படகுங்களை கேவலமா பாக்குற பழக்கம் ஒண்ணு வந்திருக்கு, மானியம்னாலே புது ஃபைபர் படகுன்னு ஆயிடுச்சு. தண்டு வலிச்சும் கம்பு ஊனியும் ஓட்டின காலத்துல ஒரு மனுஷன் நாள் பூரா தாக்குப்பிடிச்சு குடுக்க முடியுறது எழுபத்தஞ்சு, நூறு வாட்தான். ரெண்டு பேர் சேந்தா இருநூறு வாட். அந்த இருநூறு வாட்ல சுமையோட நகரணும்னுதான் ஆசாரிங்க படகையே தச்சாங்க, அதனாலதான் ஒடுக்கமா, நீளமா, ரெண்டு முனையும் கூரா, பின்பக்கம் தண்ணியை இழுத்து சுழி போடாம வழுக்கிக்கிட்டு போற மாதிரி இருக்கும். அப்புறம் வந்த அவுட்போர்டு மாட்டுறதுக்காக பின்பக்கத்தை வெட்டி தட்டையாக்கினோம், அந்த தட்டைப் பலகை தண்ணிக்குள்ள முங்கினா மெதுவா போகும்போது பெரிய இழுவை. மின்சாரத்துக்கு மறுபடியும் அந்தப் பழைய வடிவம்தான் சரி. அதனால உங்க திட்டத்துல மோட்டாருக்கு மட்டும் காசு ஒதுக்காம படகைப் பழுது பாக்கவும், பலகை மாத்தவும், கலப்பத்து அடிக்கவும் (பலகை இடுக்கை அடைக்கவும்) ஒரு பங்கு ஒதுக்குங்க. அடியில பாசியும் கொட்டலசும் (ஓட்டோட ஒட்டிக்கிற சின்னக் கடல் உயிரு) பிடிச்ச படகுல எவ்வளவு ஒசந்த மோட்டார் மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல, சுத்தம் பண்ணி பெயின்ட் அடிச்சதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே கொக்கித் தராசை வெச்சுப் பாத்தா தெரியும்.

ப்ரொப்பல்லர் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அதிகமா காசு வீணாகுறது இங்கதான், ஆனா டெண்டர்ல யாரும் கவனிக்காத இடமும் இதுதான். கொஞ்சம் தண்ணியை வேகமா தள்ளுறதை விட நிறைய தண்ணியை மெதுவா தள்ளுனா அதே உந்தலுக்கு கம்மி சக்தி போதும், விரல் நுனியால தண்ணி தள்ளுறதுக்கும் உள்ளங்கையை விரிச்சு தள்ளுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். சின்ன பெட்ரோல் இன்ஜின்ல வர்ற ஏழெட்டு இஞ்ச் ப்ரொப்பல்லர் வேகமா சுத்தணும்னு பண்ணது, லேசான படகை பறக்க விட. அதை கனமான மரப்படகுல மெதுவா போறதுக்கு போட்டா முப்பது முப்பத்தஞ்சு சதவீதம்தான் உருப்படியாகும். பன்னெண்டு பதிமூணு இஞ்ச் ப்ரொப்பல்லரை நிமிஷத்துக்கு எண்ணூறு, ஆயிரம் சுத்துல ஓட்டினா ஐம்பதைத் தாண்டலாம், நல்லா பொருத்தினா அறுபதுகூட வரும். மோட்டாரை மாத்துறதால இவ்வளவு லாபம் வராது, ஒரு நல்ல மோட்டாருக்கும் சுமார் மோட்டாருக்கும் அஞ்சு பத்து சதவீதம்தான் வித்தியாசம்.

ஆனா இடுப்பளவு தண்ணில பதிமூணு இஞ்ச் ப்ரொப்பல்லரை எங்க வெக்கிறது? இங்கதான் எங்க ஆளுங்களோட லாங்டெயில் இன்ஜின் நமக்கு வழி காட்டுது. இன்ஜின் படகுக்குள்ள, நீளமான ஷாஃப்ட் பின்னாடி சாய்வா போகுது, சேறு வந்தா தூக்கிக்கலாம், வலை சுத்தினா தூக்கிப் பாத்து எடுத்துடலாம். அதே மாதிரி மின்சார மோட்டாரையும் படகுக்குள்ள ஈரம் படாத எடத்துல வெச்சு, பெல்ட்டுல சுத்தை மூணுல ஒண்ணாக் குறைச்சு, நீள ஷாஃப்ட்டுல பெரிய ப்ரொப்பல்லர் போட்டா ஆழம் கம்மியான தண்ணிக்கு கச்சிதமா வேலை செய்யும். ஷாஃப்ட்டோட சாய்வு அதிகமானா உந்தல்ல கொஞ்சம் மேல்நோக்கி வீணாகும், அதனால முடிஞ்ச வரைக்கும் படுக்கையா வரணும். தண்ணிக்குள்ள முங்கி இருக்குற பாட் மோட்டாரும் நல்லதுதான், ஜெர்மனில டார்கீடோ மாதிரி கம்பெனிங்க இருபது வருஷமா அதைத்தான் பண்றாங்க, திறமையான சாமான். ஆனா உப்புத்தண்ணிக்குள்ள இருக்குற சீல் போச்சுன்னா முத்துப்பேட்டைல யார் பாக்குறது? படகுக்குள்ள இருக்குற மோட்டாரை எந்த வைண்டிங் கடைக்காரரும் கழட்டி பேரிங் மாத்திடுவார். இ-ரிக்ஷாக்கு வர்ற 48 வோல்ட் பிஎல்டிசி (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் ஒண்ணு, ஒன்றரை கிலோவாட்ல ஊரு பூரா கிடைக்குது, உப்புக் காத்துக்கு ஏத்த மாதிரி மூடியும் வார்னிஷும் போட்டு கோயம்புத்தூர்ல பண்ணச் சொன்னா பண்ண மாட்டாங்களா என்ன. தொழில் செய்யுறவனுக்கு ரிப்பேர் ஆகாத சாமான் வேணும்னு கூட இல்ல, ரிப்பேர் ஆனா மறுநாள் தொழிலுக்குப் போற மாதிரி சாமான் வேணும்.

வோல்டேஜ் 48 தான். 12 வோல்ட்ல மூணு கிலோவாட் எடுக்க 250 ஆம்பியர், 48ல 63 ஆம்பியர் கூட இல்ல. ஒயர்ல சூடாகிப் போற சக்தி ஆம்பியரோட வர்க்கத்துல ஏறும், அதாவது அதே ஒயர்ல நாலு மடங்கு ஆம்பியர்னா பதினாறு மடங்கு சூடு. எனக்குத் தெரிஞ்ச ஒரு படகுல 12 வோல்ட் பேட்டரிங்களை வரிசையா பேரலல்ல கட்டி மெல்லிசு ஒயர்ல மோட்டார் ஓட்டியிருந்தாங்க, முனைல இருந்த லக் பச்சையா பூத்து, சூட்டுல இன்சுலேஷன் சுருங்கி பின்னாடி ஓடி, பலகைல கருகின தடம் இருந்துச்சு. மரப்படகுல அந்தத் தடம் இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பதறுது. 48க்கு மேல போனா இன்னும் மிச்சம்தான், ஆனா ஈரக் கையோட வேலை செய்யுற எடத்துல அறுபது வோல்ட்டுக்குக் கீழ இருக்குறதுதான் பாதுகாப்பு. பேட்டரி முனைலேருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும், ஈயம் பூசின செம்பு ஒயர், பசை உள்ள ஸ்லீவ், இதெல்லாம் டெண்டர்ல கட்டாயம்னு போடுங்க, விருப்பம்னு போட்டா யாரும் போட மாட்டாங்க.

மரப்படகுக்குன்னே ஒரு தனிப் பிரச்சனை இருக்கு, இதை ஃபைபர் படகுக்கு எழுதின ஸ்பெக்கை அப்படியே காப்பி பண்றவங்க விட்டுடுவாங்க. மரப்படகுல பலகையையும் வங்கையும் (விலா எலும்பு மாதிரி இருக்குற உள்சட்டம்) பிடிச்சு வெச்சிருக்கிறது ஆணிங்க. படகுக்குள்ள கசிஞ்சு தேங்குற அடித்தண்ணில பேட்டரியோட ஒரு முனைலேருந்து கரண்ட் கசிஞ்சா அது உப்புத்தண்ணி வழியா ஆணிக்குப் போய் ஆணியைத் தின்னுடும், கண்ணுக்குத் தெரியாம மாசக்கணக்குல நடக்கும். இன்னும் மோசம், கரண்ட் எதிர்ப்பக்கமா ஓடுற எடத்துல இரும்பு நல்லா இருக்கும் ஆனா அதைச் சுத்தி காரம் உண்டாகி மரத்தை நார் நாரா சோறாக்கிடும், ஆணியைச் சுத்தி வெள்ளையா பூத்து மரம் விரல் பட்டா அமுங்கும். அதனால ப்ளஸ் மைனஸ் ரெண்டு ஒயரும் தனித்தனியா போகணும், எந்த முனையையும் ஷாஃப்ட்டோட சேக்கக் கூடாது, மோட்டாருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல கரண்ட் கடத்தாத கப்ளிங் இருக்கணும், பெல்ட் போட்டா அது பாதி வேலையைப் பாத்துக்கும். பேட்டரிப் பெட்டி அடித்தண்ணி மட்டத்துக்கு மேல பலகை போட்டு வெக்கணும், எந்த மரப்படகும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். சர்வீஸ்ல வர்றவர் ஒவ்வொரு தடவையும் மெயின் சுவிட்ச் ஆஃப் பண்ணி கசிவு இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாக்கணும், இது அஞ்சு நிமிஷ வேலை. ஒண்ணு மட்டும் மரத்துக்கு நல்லது, இன்ஜின் அதிர்வு கிடையாது, கலப்பத்து சீக்கிரம் தளராது.

பேட்டரில நான் லெட்-ஆசிடுக்கு எதிரி இல்ல, ஆனா படகுக்கு வேணாம்னுதான் சொல்வேன். 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி நாலு சேத்தா 220, 230 கிலோ வந்துடும், மூணு நாலு ஆளோட வெயிட்டு, அதுலயும் பாதிதான் எடுக்கலாம், வேகமா இழுத்தா அதுவும் கிடைக்காது. சார்ஜ் ஆகும்போது வர்ற ஹைட்ரஜன் மூடின பெட்டில தங்கினா ஆபத்து வேற. லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட், 3.2 வோல்ட் செல் 16 வரிசையா சேத்தா 51.2 வோல்ட், 100 ஏஹெச்னா 5 கிலோவாட்-அவருக்கு கொஞ்சம் மேல, பெட்டியோட ஐம்பது கிலோ பக்கம், ரெண்டு பேர் கரைக்கு தூக்கிட்டு வந்துடலாம். ஸ்கூட்டர்ல வர்ற மத்த லித்தியம் வகைங்களை விட இது தீப்பிடிக்கிற பயம் ரொம்ப கம்மி, லேசா இருக்குன்னு வேற வகையை யாராவது ஆசை காட்டினா வேணாம்னு சொல்லுங்க, தண்ணி நடுவுல தீப்பிடிச்சா ஓடுறதுக்கு எடம் கிடையாது. பேட்டரியை பின்பக்கம் மோட்டார் பக்கத்துல வெச்சா ஒயர் மிச்சம்தான், ஆனா படகு பின்னாடி அமுங்கும், அமுங்கினா இழுவை கூடும். நடுவுல, கீழ, ஏராவுக்கு (படகோட நடு அடிக்கட்டைக்கு) நேர் மேல வெக்கணும். சித்திரை வெயில்ல மூடின பெட்டி 45 டிகிரியை சுலபமா தாண்டும், அதனால பெட்டிக்கு மேல வெள்ளை மூடியும் நிழலும் கண்டிப்பா வேணும், பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கிற எலக்ட்ரானிக் போர்டு) சூட்டைப் பாத்து சார்ஜை நிறுத்துற வகையா இருக்கணும்.

சோலார் பத்தி எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க, பேப்பர்லயும் படம் அதான் வரும். என் அபிப்பிராயம், வலை வீசுற படகுக்கு கூரை வேணாம். வலை சிக்கும், காத்து பிடிக்கும், எதிர்க்காத்துல அந்தக் கூரையே பிரேக் மாதிரி ஆயிடும். சுற்றுலா ஆளுங்களை ஏத்திப் போற படகுக்கு எப்படியும் நிழல் கூரை வேணும், அங்க 400 வாட் பேனல் ஒண்ணு போட்டா நம்ம ஊரு வெயிலுக்கு நாளைக்கு ஒன்றரை யூனிட் எதிர்பாக்கலாம், மெதுவா போனா இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஓசில போகுது. மீன் பிடிக்கிற படகுக்கு பேனலை கரைல, படகுத்துறை கொட்டகை மேல போடுங்க, நிழலும் ஆச்சு.

கேரளாவுல வைக்கம் - தவணக்கடவு நடுவுல 2017லேருந்து ஆதித்யான்னு சோலார் ஃபெர்ரி ஓடுது, 75 பேர் போகலாம். அந்த அளவு படகுக்கு மோட்டார் எவ்வளவு தெரியுமா, 20 கிலோவாட்ல ரெண்டு. கூரை மேல 20 கிலோவாட் பேனல், பேட்டரி 50 கிலோவாட்-அவர். ஒல்லியா ரெண்டு அடிப்பாகம் வெச்ச கட்டமரான் வடிவம், லேசான ஃபைபர், போற வேகம் இவ்வளவு போதும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு அதுக்கப்புறம் மோட்டார் தேடினது. அதோட வெற்றிக்கு பேனல் காரணம்னு நெனச்சு பேனலை மட்டும் காப்பி அடிச்சுடாதீங்க, படகோட அடிப்பாகத்துலேருந்து ஆரம்பிச்சதுதான் அங்க விஷயம். இது ஒண்ணும் புதுசும் இல்ல, 1838லயே ரஷ்யால ஜக்கோபிங்கிறவர் நேவா ஆத்துல பேட்டரி படகுல ஆளு ஏத்திப் போயிருக்கார், ஜெர்மனில கோனிக்சே ஏரில 1909லேருந்து பயணிங்களை பேட்டரி படகுலதான் கூட்டிட்டுப் போறாங்க. பெட்ரோல் மலிவா வந்ததுல நடுவுல மறந்துட்டோம்.

செலவு கணக்கும் சொல்லிடுறேன். ஒரு லிட்டர் பெட்ரோல்ல கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருக்கு. சின்ன இன்ஜின் அதுல ஆறுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேலதான் ஷாஃப்ட்டுக்கு குடுக்கும், சின்ன ப்ரொப்பல்லர் அதுல மூணுல ஒரு பங்கை உந்தலாக்கும், கடைசில படகைத் தள்ளுறது அரை யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. அதே உந்தலை சுவர்ல இருக்குற ப்ளக்லேருந்து எடுத்தா சார்ஜர்ல போற நஷ்டத்தையும் சேத்து ஒன்றரை யூனிட் போதும். ஒன்றரை யூனிட் கரண்ட் என்ன விலை, ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன விலைன்னு நீங்களே பாத்துக்கலாம். பேட்டரி விலைதான் தடை, அங்கதான் உங்க மானியம் வேணும். படகுத்துறைல 15 ஆம்பியர் ப்ளக் பாயிண்ட் போதும், 30 ஆம்பியர் சார்ஜர் மூணரை நாலு மணி நேரத்துல அஞ்சு கிலோவாட்-அவரை நெப்பிடும், ஃபாஸ்ட் சார்ஜர்னு லட்சக்கணக்குல செலவு பண்ண வேணாம். எல்லா கம்பெனி பேட்டரிக்கும் ஒரே வகை கனெக்டர்னு மட்டும் முதல் நாளே கட்டாயம் பண்ணிடுங்க, பின்னாடி மாத்தவே முடியாது.

பாதுகாப்புக்கு ஒரு கணக்கு. எதிர்நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர்னா, 7ல போற படகு கரையைப் பொறுத்து 4ல தான் போகும், கிலோமீட்டருக்கு ஆகுற செலவு முக்கால் பங்கு கூடிடும், எதிர்க்காத்தும் சேந்தா இன்னும். தெக்குலேருந்து அடிக்கிற சோழகக் காத்து மதியத்துக்கு மேல கிளம்பினா என்ன ஆகும்னு எங்க பக்கம் சின்னப் பசங்களுக்கும் தெரியும். அதனால டெஸ்ட்டை காலைல சாந்தமான தண்ணில மட்டும் பண்ணி சர்டிஃபிகேட் குடுத்துடாதீங்க, காத்து அடிக்கிற மாசத்துலயும் பண்ணுங்க, நூத்துக்கு முப்பதாவது மிச்சம் இருந்தாதான் பாஸ்னு வைங்க. ஓட்டுறவர் கண்ணு முன்னாடி வாட் மீட்டர் இருக்கணும், இது ரொம்ப முக்கியம். மீட்டர்ல 2,500 காட்டும்போது கைப்பிடியை கொஞ்சம் தளர்த்துனா 900க்கு இறங்குது ஆனா கரை நகர்ற வேகம் அவ்வளவா குறையலன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டா அதுக்கப்புறம் யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. எங்க வயசான மீனவர் ஒருத்தர், படிக்கத் தெரியாதவர், அந்த நம்பரைப் பாத்தே எந்த வாய்க்கால்ல எந்த நேரத்துல நீரோட்டம் எதிர்ல வருதுன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டார். கயிறு கட்டின நிறுத்துற சாவியும், ஒரு ஜோடி துடுப்பும், ஒரு கம்பும் படகுல இருக்கணும்னு சொல்லவே வேணாம், இருந்தாலும் எழுதிப் போடுங்க.

கடைசியா உங்ககிட்ட கேக்குறது. டெண்டருக்கு முன்னாடி முத்துப்பேட்டை, பிச்சாவரம், பழவேற்காடு மூணு எடத்துலயும் ஓடுற மரப்படகுங்களை வகைக்கு ஒண்ணா எடுத்து இழுவை டெஸ்ட் பண்ணி அந்த நம்பரை பொதுவுல வைங்க. நாகப்பட்டினத்துல உங்க மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு, சென்னை ஐஐடி ஓஷன் இன்ஜினியரிங் துறைல படகு மாடலை இழுத்துப் பாக்குற தொட்டியே இருக்கு, கொச்சில மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் மரப்படகுல பல காலமா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஆளுக்கும் அறிவுக்கும் பஞ்சமே இல்ல. கூடவே படகு தைக்கிற ஆசாரிங்களை அந்தக் கமிட்டில உக்கார வைங்க, சும்மா கருத்து கேக்குறதுக்கு இல்ல, கையெழுத்து போடுற எடத்துல. வந்த நம்பருக்கு கிலோமீட்டருக்கு இத்தனை வாட்-அவர்னு ஒரு வரம்பு வைங்க, இருபது அடி படகுக்கு 9 கிலோமீட்டர் வேகத்துல 110ன்னு வெச்சா ஒழுங்கா வேலை செய்யுற எல்லாரும் தொட முடியும். அதுக்குள்ள எந்த மோட்டாரோ எந்த ப்ரொப்பல்லரோ கம்பெனிக்காரங்க பாடு. சப்ளை பண்ண படகை ஆளு சாமானோட லகூன்ல ஓட்டிக் காட்டினப்புறம்தான் பணம், கம்பெனி குடோன்ல மோட்டார் சுத்துறதைக் காட்டி பில் பாஸ் பண்ணக் கூடாது.

எங்க பக்கம் டெஸ்ட் பண்ண வர்றீங்கன்னா தராசு, கயிறு, இழுக்குற படகு எல்லாம் நாங்க ரெடி பண்ணித் தர்றோம், ஜாம்பவானோடை படகுத்துறைக்கு காலைல அஞ்சரைக்கெல்லாம் வந்துடுங்க, எட்டு மணிக்கு மேல காத்து வந்துடும்.

இப்படிக்கு,
முத்துப்பேட்டை லகூன் பக்கத்துலேருந்து ஒரு மோட்டார் மெக்கானிக்